அரண்மனையும் மணமுறிவும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பிரிட்டிஷ் அரச குடும்பத்தைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், பெற்றோரின் மணவாழ்க்கை முறிந்ததைக் கண்ட இளவரசர் வில்லியம் அதிலிருந்து பாடம் கற்றுக்கொண்டார் என்று சொல்லக் கேட்கிறேன். 1936இல் ஒரு மன்னர் முடியையே துறந்தார். அதன்பின் மார்கரெட், ஆன், சார்லஸ், ஆண்ட்ரூ என்று அடுத்தடுத்து மணமுறிவுகள். பாடம் கற்ற குடும்பத்தில் இப்படி நடக்குமா? அரச குடும்பங்கள் உண்மையில் எதையாவது கற்றுக்கொள்கின்றனவா?

எஸ்., திருநெல்வேலி

அன்புள்ள எஸ்.,

உங்கள் ஐயம் நியாயமானது. ஆனால் அந்தக் குடும்பம் எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்று நான் சொல்லமாட்டேன். 1936இலிருந்து அது ஒரு பாடத்தை மிகக் கவனமாகக் கற்றது. அந்தப் பாடம் தவறானது, பின்னால் வந்த துன்பங்களில் பெரும்பகுதி அதிலிருந்தே கிளைத்தது என்பது என் எண்ணம்.

இருமுறை மணமுறிவு பெற்ற வாலிஸ் சிம்ப்சனை மணக்க விரும்பிய எட்டாம் எட்வர்டு, டிசம்பர் 1936இல் அரியணையைத் துறந்தார். முன்னாள் கணவர் உயிரோடிருக்க இன்னொருவரை மணப்பதை இங்கிலாந்துத் திருச்சபை ஏற்கவில்லை; அத்திருச்சபைக்குத் தலைவரோ மன்னரேதான். எதிர்பாராமல் முடிசூட நேர்ந்த தம்பியின் குடும்பம் இதிலிருந்து எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: மணமுறிவு பெற்றவர் அரியணைக்கு ஆபத்து. மணமக்கள் ஒருவரையொருவர் அறிந்திருக்கிறார்களா, அரண்மனை வாழ்வை அந்தப் பெண்ணோ ஆணோ தாங்குவாரா என்ற கேள்விகளை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

முதல் அடி அந்தத் தம்பியின் இளைய மகள் இளவரசி மார்கரெட்டின் மேல் விழுந்தது. 1953 ஜூன் 2, அக்கா எலிசபெத்தின் முடிசூட்டு நாள். வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தின் வெளியே நின்றிருந்த விமானப்படை அதிகாரி பீட்டர் டவுன்செண்டின் சீருடையில் ஒட்டியிருந்த பஞ்சுத் துணுக்கை மார்கரெட் கையால் தட்டிவிட்டார். உரிமை உள்ளவர் மட்டுமே செய்யும் செயல் அது. சுற்றி நின்ற செய்தியாளர்களுக்கு வேறு சான்று தேவைப்படவில்லை. டவுன்செண்ட் போரில் பெயர் பெற்ற விமானி, மார்கரெட்டின் தந்தையிடம் பணிபுரிந்தவர், ஆனால் மணமுறிவு பெற்றவர். 1772ஆம் ஆண்டின் அரச திருமணச் சட்டப்படி, 25 வயதுக்கு உட்பட்ட மார்கரெட்டுக்கு அரசியின் இசைவு வேண்டும். டவுன்செண்ட் பிரஸ்ஸல்சுக்கு அனுப்பப்பட்டார். 25 வயதும் வந்தது. 1955 அக்டோபர் 31 அன்று, கிறித்தவத் திருமணம் பிரிக்க முடியாதது என்ற திருச்சபையின் போதனையை மனத்தில் கொண்டு அவரை மணப்பதில்லை என மார்கரெட் அறிக்கை விட்டார். அப்போதைய பிரதமர் ஆண்டனி ஈடனே மணமுறிவு பெற்று மறுமணம் செய்தவர். வாரிசுரிமையை மட்டும் விட்டுக்கொடுத்து, பட்டத்தையும் அரசு உதவித்தொகையையும் வைத்துக்கொண்டு மார்கரெட் மணக்கலாம் என்று அவரது அரசு வரைவுத் திட்டம் வைத்திருந்ததை 2004இல் திறக்கப்பட்ட ஆவணங்கள் காட்டின. அதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. எல்லோரும் இசைந்து, அதே அபேயில் 1960இல் நடந்த மார்கரெட்டின் திருமணம் 1978இல் மணமுறிவில் முடிந்தது.

சார்லஸின் காலத்தில் அதே பாடம் வேறு வடிவம் எடுத்தது. மணமகளுக்குப் பழைய உறவு எதுவும் இருந்திருக்கக்கூடாது. நல்ல குடும்பம், இளம் வயது, அவ்வளவு போதும். பிப்ரவரி 1981இல் நிச்சயம் அறிவிக்கப்பட்டபோது டயானாவுக்கு 19 வயது, சார்லஸுக்கு 32. இருவரும் காதலிக்கிறீர்களா என்று தொலைக்காட்சியில் கேட்டார்கள். ஆமாம் என்றார் டயானா. காதல் என்பதற்கு என்ன பொருளோ, என்று சேர்த்துக்கொண்டார் சார்லஸ். 1992இல் அரசியின் மூன்று பிள்ளைகளின் திருமணங்களும் ஒரே ஆண்டில் உடைந்து வெளியே தெரிந்தன. அதன்பிறகே விதிகள் தளர்ந்தன. முன்னாள் துணை உயிரோடிருக்கையிலும் விதிவிலக்காகத் தேவாலயத்தில் மறுமணம் நடக்கலாம் என 2002இல் திருச்சபை ஏற்றது. ஆனாலும் 2005இல் சார்லஸ், மணமுறிவு பெற்ற கமிலாவை வின்ட்சர் நகர மன்றத்தில் பதிவுத் திருமணமே செய்தார். அந்தச் சடங்குக்கு அரசி வரவில்லை, பின்னர் நடந்த ஆசி வழிபாட்டுக்கு வந்தார். 1772ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்க 2013இல்தான் புதிய சட்டம் இயற்றப்பட்டது.

இவையெல்லாம் நிறுவனம் கற்றவை. உண்மையான கற்றல் வேறிடத்தில், அந்த வீட்டில் வளர்ந்த குழந்தைகளிடம் நடக்கிறது என்று நினைக்கிறேன். இதற்கு இருநூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு சான்று உண்டு. கடனில் மூழ்கியிருந்த பட்டத்து இளவரசர் ஜார்ஜுக்கு 1795இல், ஒரு கால்கட்டு போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதுபோல, பார்த்தே இராத பிரன்ஸ்விக் கரோலினை மணம் செய்துவைத்தார்கள். பெண்ணை முதன்முதலில் கண்டதும் இளவரசர் பிராந்தி கேட்டார். ஒரு மகள் பிறந்ததோடு இருவரும் பிரிந்தார்கள். அந்த மகள் சார்லட், 1814இல் தந்தை பார்த்து வைத்த ‘ஆரஞ்சு இளவரசர்’ என்ற பட்டம் கொண்ட நெதர்லாந்து இளவரசரை மறுத்தாள். தந்தை கோபம் கொண்டு அவளுடைய பணிப்பெண்களை நீக்கியபோது, 18 வயதுப் பெண் தனியாகத் தெருவில் இறங்கி ஓடி, வாடகைக் குதிரைவண்டி பிடித்துத் தாயின் வீட்டுக்குப் போனாள். இரண்டு ஆண்டு கழித்துத் தானே விரும்பிய லியோபோல்டை மணந்தாள். மகிழ்ச்சியான அந்த வாழ்வு ஒன்றரை ஆண்டில் பிரசவத்தில் முடிந்தது.

வில்லியமையும் நான் சார்லட்டின் வரிசையில்தான் வைக்கிறேன். பெற்றோர் சட்டப்படி பிரிந்தபோது அவருக்கு 14 வயது. 2001இல் பல்கலைக்கழகத்தில் அறிமுகமான கேட் மிடில்டனை அவர் மணந்தது 2011இல். இடையில் 2007இல் சிறிது காலம் பிரிந்தும் இருந்தார்கள். நிச்சயத்தன்று ஏன் இவ்வளவு காலம் என்று கேட்டபோது, முன்பு நடந்தவற்றிலிருந்து கற்றுக்கொள்ள முயல்கிறேன், இந்த வாழ்வை உள்ளே வந்து பார்த்துவிட்டு, வேண்டாமென்றால் விலகிக்கொள்ள அவளுக்கு வாய்ப்புத் தர விரும்பினேன் என்ற பொருளில் விடை சொன்னார். டயானா திருமணத்துக்கு முன் தன் சகோதரிகளிடம் தயக்கத்தைச் சொன்னபோது, உன் முகத்தைச் சமையலறைத் துண்டில்கூட அச்சிட்டுவிட்டார்கள், இனிப் பின்வாங்க முடியாது என்று அவர்கள் சொன்னதாகப் பின்னாளில் நினைவுகூர்ந்தார். தாய்க்கு மூடியிருந்த அந்தக் கதவைத்தான் மகன் தன் மனைவிக்குத் திறந்து வைத்தார்.

ஆனால் ஒரே வலி இரு பிள்ளைகளுக்கு ஒரே பாடத்தைத் தருவதில்லை. தன் தாய்க்கு நேர்ந்தது மனைவிக்கும் நேர்ந்துவிடும் என்பதே தன் பெரிய அச்சம் என்று வில்லியமின் தம்பி ஹாரி 2021இல் சொன்னார். அதற்கு முந்தைய ஆண்டே மனைவி மேகனையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு அவர் அரண்மனைப் பொறுப்புகளை விட்டு வெளியேறியிருந்தார். மேகனும் மணமுறிவு பெற்றவர்தான். 2018இல் வின்ட்சரின் புனித ஜார்ஜ் தேவாலயத்தில் அவர்களுக்குத் திருமணம் நடந்தபோது, மார்கரெட் மறைந்து பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அன்புடன்