ரசாயன மாசு தரும் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைச் செடி எப்படிச் சமாளிக்கிறது?

இரண்டு விஷயங்கள் கேட்டிருக்கிறீர்கள்: மாசினால் உண்டாகும் நச்சு ஆக்சிஜன் மூலக்கூறுகளை (இவை மிகுந்து செல்லைத் தாக்குவதுதான் ஆக்சிஜனேற்ற அழுத்தம்) செடி முழுமையாக அழித்துவிடுமா? செடி பச்சையாக இருந்தால் பாதிப்பில்லை என்று கொள்ளலாமா? இரண்டுக்குமே இல்லை என்பதுதான் பதில்.

காட்மியம் என்ற நச்சு உலோகம் கொடுத்து வளர்த்த நாற்றுகளோடு சில ஆண்டுகள் ஆய்வகத்தில் வேலை செய்திருக்கிறேன். அந்த நச்சு மூலக்கூறுகளில் ஒன்றான ஹைட்ரஜன் பெராக்சைடு இலையில் எங்கே சேர்கிறது என்று பார்க்க, அது பட்டால் பழுப்பாகும் டயமினோபென்சிடின் கரைசலில் இலையை ஊறவைத்து, பிறகு சூடான ஆல்கஹாலில் பச்சையத்தைக் கழுவி எடுப்போம். இலை வெளுத்துவிடும், பெராக்சைடு இருந்த இடம் மட்டும் செம்பழுப்பாக நிற்கும். காட்மியம் கண்ட இலையில் நரம்பை ஒட்டித் திட்டுத் திட்டாகப் பழுப்பு. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் எந்த நஞ்சும் கொடுக்காத இலையிலும், காம்பை வெட்டிய இடத்தில் மெல்லிய பழுப்புக் கோடு இருந்தது. சோதனை கெட்டுவிட்டது என்று நினைத்தேன். கெடவில்லை. காயம்பட்ட இடத்தில் செடி தானாகவே பெராக்சைடை உண்டாக்குகிறது. அதற்கென்று செல்சவ்வில் நொதி வைத்திருக்கிறது. தற்காப்பு மரபணுக்களை எழுப்பும் தகவலும் அந்தப் பெராக்சைடுதான். அதை அடியோடு துடைத்துவிட்டால் செடிக்கு ஆபத்து வந்த செய்தியே எட்டாது.

ஆகவே செடிக்கு அது அளவோடு இருக்க வேண்டும். மாசுகள் இந்த அளவை ஒவ்வொரு விதமாகக் கெடுக்கின்றன. ஓசோன் இலைத்துளை வழியாக நுழைந்து, செல்சுவர்ப் பகுதியிலேயே சிதைந்து தீங்கு செய்கிறது. பாராகுவாட் களைக்கொல்லி, ஒளிச்சேர்க்கையில் ஓடும் எலக்ட்ரானைப் பறித்து ஆக்சிஜனிடம் கொடுத்து, சூப்பராக்சைடு என்ற இன்னொரு நச்சு ஆக்சிஜனாக மாற்றுகிறது. அதனால்தான் வெளிச்சத்தில் மிக வேகமாகக் கொல்கிறது. தாமிரம் மிகுந்தால் பெராக்சைடை, இவற்றில் மிகக் கொடியதான ஹைட்ராக்சில் ஆக்கிவிடும். ஹைட்ராக்சிலை அகற்ற எந்த நொதியும் கிடையாது, பக்கத்தில் இருப்பதை உடனே தாக்கிவிடும். ஆகவே அது உருவாகாமல் தடுப்பது ஒன்றே வழி.

அந்தத் தடுப்பு படிப்படியாக நடக்கிறது. சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் நொதி (இதன் செயலை 1969-இல் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் கண்டறிந்தார்கள்) சூப்பராக்சைடை பெராக்சைடாக்கும். பிறகு கேட்டலேஸும், வைட்டமின் சி-யைச் செலவழிக்கும் அஸ்கார்பேட் பெராக்சிடேஸும் அதைத் தண்ணீராக்கும். செலவான வைட்டமின் சி-யை மீட்டுத் தருவது குளூட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறு.

காட்மியம் கைவைப்பது இந்தக் குளூட்டாதயோனில்தான். தாமிரத்தைப் போல அது நேரடியாக ஹைட்ராக்சிலை உண்டாக்காது. ஆனால் காட்மியம் நுழைந்ததும் செடி குளூட்டாதயோனைக் கோத்துக் கோத்து ஃபைட்டோகெலாட்டின் என்ற சங்கிலியாக்கி (1985-இல் கண்டறியப்பட்டது), உலோகத்தைக் கட்டி, வாக்குவோல் என்ற செல்லின் சேமிப்புப் பைக்குள் அடைக்கிறது. ஒரே கையிருப்பு, இரண்டு செலவு. உலோகத்தைக் கட்டப் போனது போக மிஞ்சியதை வைத்துத்தான் பெராக்சைடையும் சமாளிக்க வேண்டும். கையிருப்பு தீர்ந்தால் சவ்வின் கொழுப்பு சிதையத் தொடங்குகிறது. குளூட்டாதயோன் செய்ய கந்தகம் வேண்டும் என்பதால், கந்தகம் குறைந்த மண்ணில் செடி இன்னும் சீக்கிரம் தளர்ந்துவிடும். எத்தனை முறை படித்தாலும் செடியின் இந்த இக்கட்டு என்னைக் கலங்க வைக்கிறது.

பச்சை இலையை நம்ப வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான். சில களைக்கொல்லிகளைச் செடி குளூட்டாதயோனோடு பிணைத்துச் செயலிழக்கச் செய்துவிடும். மக்காச்சோளம் அட்ரசினைத் தாங்குவது அப்படித்தான். ஆனால் காட்மியம் ஒரு தனிமம், அதைச் சிதைக்க முடியாது. பூட்டி வைக்கலாம், அவ்வளவே. நன்றாகப் பூட்டத் தெரிந்த செடி செழிப்பாகவே நிற்கும், இலை நிறைய நஞ்சோடு. மாசடைந்த இடத்தில் கீரை வளர்ப்பதாக இருந்தால் மண்ணையும் இலையையும் பரிசோதனைக்கு அனுப்புங்கள். மண்ணின் அமிலத்தன்மையையும் கேட்டு வாங்குங்கள். அமிலம் கூடினால் வேர் உறிஞ்சும் காட்மியமும் கூடும்.