கடல் கடந்து காணி வாங்குவோரின் கேள்விகளும் ஒரு நொத்தாரிசின் பதில்களும்

யாழ்ப்பாணத்தில் நொத்தாரிசாகப் பல ஆண்டுகளாகக் காணி உறுதி (உரிமைப் பத்திரம்) முடித்து வருகிறேன். வெளிநாட்டிலிருந்து இங்கும், இங்கிருந்து வெளிநாட்டிலும் சொத்து வாங்குவது குறித்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

ரொறன்ரோ: கனடியக் குடியுரிமை மட்டும் கொண்ட நான் நல்லூரில் நான்கு பரப்புக் காணி வாங்கலாமா?

முடியாது. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கக் காணி (பராதீனப்படுத்தல் மீதான மட்டுப்பாடுகள்) சட்டம், வெளிநாட்டவருக்குக் காணியை உரித்து மாற்றுவதைத் தடை செய்கிறது. இங்கே பிறந்து வளர்ந்தவராயினும், இலங்கைக் குடியுரிமையை இழந்திருந்தால் நீங்களும் சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டவரே. இதைச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். இரட்டைக் குடியுரிமை பெற்றவர்களுக்கு இத்தடை இல்லை என்பதால் முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். மற்றபடி, பெற்றோரின் காணி உங்களுக்கு வழியுரிமையாகவோ நன்கொடையாகவோ மரணசாசனத்தாலோ வரலாம். சில நிபந்தனைகளோடு தொடர்மாடி வீட்டை, முழுப் பெறுமதியையும் வெளிநாட்டிலிருந்து முன்கூட்டியே அனுப்பி வாங்கலாம். 99 ஆண்டுகளுக்கு மேற்படாத குத்தகையும் எடுக்கலாம்.

பாரிஸ்: அப்படியானால் ஊரிலுள்ள தம்பியின் பெயரில் உறுதி முடிக்கலாமே?

வேண்டாம். உறுதியில் எவர் பெயர் இருக்கிறதோ, காணி அவருடையது. தம்பி நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் அவர் கடன்பட்டால் கடன்காரர் அக்காணியைத் தேடி வருவார், அவர் இறந்தால் அது மனைவி பிள்ளைகளுக்குப் போகும், யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவராயின் அது தேடியதேட்டம் (மணவாழ்வில் சேர்த்த சொத்து) என்று மனைவி பங்கு கேட்கவும் இடமுண்டு.

பாரிஸ், மீண்டும்: எங்கள் குடும்பத்தில் அப்படி நடக்காது. ஐயா உறவுகளைச் சந்தேகிக்கிறார்.

உறவு முறியக் கூடாது என்பதற்காகவே சொல்கிறேன். அண்ணன் அனுப்பிய பணத்தில் தம்பி பெயருக்கு வாங்கிய ஒரு காணிக்காக, தம்பி இறந்த பின், அவருடைய மனைவியும் அந்த அண்ணனும் என் மேசைக்கு முன்னால் அமர்ந்து அழுததை நான் மறக்கவில்லை. இருவரில் எவரும் பொய் சொல்லவில்லை.

ஒஸ்லோ: காணி என்னுடையதே என்று தம்பியிடம் எழுத்து வாங்கி வைத்தால் போதாதா?

அந்த எழுத்து ஏன் எழுதப்பட்டது என்று நீதிமன்றம் கேட்கும். சட்டம் தடுத்ததைச் செய்வதற்கே எழுதினோம் என்பதைத் தவிர உங்களிடம் வேறு விடை உண்டா?

கோப்பாய்: சென்னையில் ஒரு வீடு வாங்கலாமா?

இலங்கைக் குடிமக்கள் இந்திய ரிசர்வ் வங்கியின் முன்அனுமதியின்றி அங்கு அசையாச் சொத்து வாங்க முடியாது. ஐந்து ஆண்டுகளுக்கு மேற்படாத குத்தகைக்கு மட்டுமே விலக்கு உண்டு.

மானிப்பாய்: துபாய்?

வெளிநாட்டவர் முழு உரித்துடன் வாங்குவதற்கென்று அங்கே பகுதிகள் குறிக்கப்பட்டுள்ளன. அதற்கு மேல் அந்த ஊர்ச் சட்டத்தரணியைக் கேளுங்கள்.

மெல்பேர்ண்: இரட்டைக் குடியுரிமை உண்டு. யாழ்ப்பாணக் காணி நல்ல முதலீடா?

ரூபாயில் விலை ஏறுவதை மட்டும் பார்க்காதீர்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு அமெரிக்க டொலர் ஏறத்தாழ 200 ரூபாய். மே மாதத்தில் அது 360 ஐத் தொட்டது. ஒரு கோடி ரூபாய்க் காணி ஏறத்தாழ 50,000 டொலரிலிருந்து 28,000 டொலருக்கும் கீழே இறங்கியது, காணியோ இருந்த இடத்திலேயே இருந்தது. விற்ற பணத்தைத் திரும்பக் கொண்டுபோக எண்ணினால், வாங்கும் பணம் உள்முக முதலீட்டுக் கணக்கின் (வெளிநாட்டிலிருந்து முதலீட்டுப் பணம் வரும் வங்கிக் கணக்கு) வழியாக வர வேண்டுமா என்று வங்கியில் கேட்டு, அனுப்பிய சான்றைப் பத்திரப்படுத்துங்கள். உறவினர் கையில் கொடுத்தனுப்பிய பணத்துக்குச் சான்று இராது.

சூரிச்: மச்சான் பெயரில் வாங்கலாமா?

பாரிஸ் வாசகருக்குச் சொன்னதே உங்களுக்கும்.

லண்டன்: உறுதியின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியுள்ளார்கள். முற்பணம் கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டாம். காணிப் பதிவகத்தில் பதிவேட்டுப் பிரதியை எடுத்து, ஈடு (அடமானம்), வழக்கு ஏதும் உண்டா என்று பாருங்கள். பங்கு பிரியாத காணியாயின், தேசவழமையின்படி மற்றப் பங்காளருக்கு முன்வாங்கல் உரிமை, அதாவது பிறருக்கு முன் தாமே வாங்கும் உரிமை, உண்டு. அவர்களுக்கு அறிவித்தல் கொடுக்காமல் முடித்த உறுதியை அவர்கள் வழக்கில் எதிர்க்கலாம். பிறகு நில அளவையாளரோடு ஒருவரைக் காணிக்கே அனுப்புங்கள். அங்கே எவராவது நீண்ட காலமாகக் குடியிருந்தால், பத்து ஆண்டு ஆட்சியைக் காட்டி அவர் உரிமை கோரக்கூடும். அந்தக் கேள்வி தீரும்வரை ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.