50 ரூபாயும் இரண்டு ஆச்சிகளும்

கேள்வி: பாளையங்கோட்டையில் இருக்கிறோம். என் வீட்டுக்காரருக்குச் சொந்த ஊர் பேட்டை, அவர் இந்து. நான் நாங்குநேரி பக்கம், சிஎஸ்ஐ கிறிஸ்தவக் குடும்பம். விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டோம். பிள்ளைகளுக்கு எந்தச் சாமியையும் நாமாகச் சொல்லித் தர வேண்டாம், வளர்ந்து அவர்களே முடிவு செய்யட்டும் என்று பேசி வைத்திருந்தோம். மூத்தவனுக்கு இப்போது 8 வயது. போன மாதம் மாமியாரின் சுருக்குப் பையிலிருந்து 50 ரூபாயை எடுத்து, பள்ளிக்கூட வாசல் கடையில் கிரிக்கெட் கார்டு வாங்கிவிட்டான். கேட்டால் "நான் எடுக்கல" என்று மூன்று நாள் சாதித்தான். அவன் அப்பா அடித்த பிறகுதான் ஒத்துக்கொண்டான். தங்கச்சியையும் அடிக்கிறான். "சாமி பயம் இல்லாம வளத்தா பிள்ள இப்படித்தான் ஆவான்" என்கிறார் மாமியார். "சண்டே ஸ்கூலுக்கு அனுப்புன்னு தலபாடா அடிச்சிக்கிட்டேனே" என்று என் அம்மா ஊரிலிருந்து போன் போட்டு அழுகிறாள். எங்கள் வளர்ப்புதான் தப்பா? இனியாவது கோயிலுக்கோ சர்ச்சுக்கோ பழக்க வேண்டுமா? எதற்குப் பழக்குவது?

பதில்: உங்கள் மகன் 50 ரூபாய் எடுத்ததற்கும் வீட்டில் சாமி கும்பிடாததற்கும் சம்பந்தம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தின் பாரம் முழுக்க அந்த ஒரு சந்தேகத்தில்தான் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆலோசகராக 20 வருஷத்துக்கு மேல் வேலை பார்க்கிறேன். வேத வசனப் போட்டியில் முதல் பரிசு வாங்கியவன், கந்த சஷ்டி கவசத்தை ஒரு வரி பிசகாமல் சொல்கிறவன், மேலப்பாளையத்தில் விடியற்காலையிலேயே எழுந்து ஓதப் போகிறவன் என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும் என் எதிரே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். காரணம் ஒன்றுதான்: எடுத்தான், இல்லையென்று சாதித்தான். அடுத்தவர் மனசில் என்ன ஓடுகிறது என்று ஊகிக்கத் தெரிந்த பிள்ளைக்குத்தான் மறைக்கவும் தெரியும். அதனால் இந்த வயதுப் பொய் புத்தி வளர்வதற்கும் ஓர் அடையாளம். கண்டுகொள்ளாமல் விடச் சொல்லவில்லை, கலங்காதீர்கள் என்கிறேன்.

அதற்காக, மத வளர்ப்பு பிள்ளைகளின் நடத்தையைத் தொடவே தொடாது என்றும் சொல்ல மாட்டேன். தொடுகிறது. ஆனால் ஆச்சிகள் நினைக்கிற இடம் வேறு, அது வேலை செய்கிற இடம் வேறு.

இந்தக் கேள்வியை உலகம் முழுக்கப் பேச வைத்த ஓர் ஆய்வு 2015-ல் வந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ழான் டெசெட்டியும் அவருடைய குழுவினரும் அமெரிக்கா, கனடா, சீனா, ஜோர்டான், துருக்கி, தென்னாப்பிரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் 5 முதல் 12 வயது வரையுள்ள 1,170 பிள்ளைகளிடம் ஒரு சின்னச் சோதனை செய்தார்கள். 30 ஸ்டிக்கரைக் காட்டி, பிடித்த 10-ஐ எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். பிறகு, "பள்ளியில் எல்லாருக்கும் கொடுக்க நேரம் பத்தாது, உனக்கு விருப்பம் இருந்தால் கிடைக்காத பிள்ளைக்குக் கொஞ்சம் விட்டு வை" என்றார்கள். மதப்பற்றுள்ள வீட்டுப் பிள்ளைகள் குறைவாகத்தான் விட்டு வைத்தார்கள் என்று முடிவு வந்தது. பத்திரிகைகள் கொண்டாடித் தீர்த்தன.

அஸிம் ஷரீஃப் என்ற இன்னோர் ஆய்வாளர் அதே தரவுகளை வாங்கி மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்தார். டெசெட்டி குழுவினர் அடையாளத்துக்காக நாடுகளுக்கு 1, 2, 3 என்று எண் கொடுத்திருந்தார்கள். கணக்குப் போடும்போது அதை அளவாகவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஜங்ஷனில் 10-ம் நம்பர் பஸ்ஸும் 5-ம் நம்பர் பஸ்ஸும் நிற்கின்றன என்றால், 10 இரண்டு மடங்கு தூரம் போகும் என்று யாராவது சொல்வார்களா? அந்த மாதிரித் தப்பு இது. சரி செய்து பார்த்தபோது, வித்தியாசத்தின் பெரும்பகுதி நாட்டுக்கு நாடு இருந்த வித்தியாசம் என்று தெரிந்தது. மதப்பற்றின் பேரில் சொல்ல ஒரு சின்ன வித்தியாசம்தான் மிஞ்சியது. 2019-ல் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். திரும்பப் பெற்ற செய்தி முதல் செய்தியில் பாதி தூரம்கூடப் போகவில்லை. இன்றும் வாட்ஸ்அப்பில் யாராவது எனக்கு அந்தப் பழைய செய்தியை அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள். உங்கள் வீட்டுக்காரரின் நண்பர்கள் யாராவது அதைக் காட்டினால் அப்படியே நம்ப வேண்டாம்.

மறுபக்கத்திலும் ஒன்று உண்டு. 2018-ல் ஹார்வர்டைச் சேர்ந்த யிங் சென், டைலர் வாண்டர்வீல் இருவரும், 5,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பிள்ளைகளைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்து எழுதினார்கள். வாராவாரம் வழிபாட்டுக்குப் போய் வளர்ந்தவர்கள், இருபதுகளில் ஓரளவு கூடுதல் மனநிறைவோடு இருந்தார்கள், பொதுத் தொண்டுக்குப் போனார்கள், போதைப் பழக்கம் அவர்களிடம் குறைவாக இருந்தது. இதை நான் மதிக்கிறேன். ஆனால் இது வேறொரு தேசத்தில், பெரும்பாலும் கிறிஸ்தவக் குடும்பங்களில் பார்த்தது. இதை வைத்து "கோயிலுக்குப் போகாதவன் திருடுவான்" என்று சொல்ல ஒரு வழியும் இல்லை.

அப்படியானால் வழிபாட்டிடத்தில் பிள்ளையைத் தொடுவது எது? நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் ஊர்ப் பக்கம்தான், ஒரு சிஎஸ்ஐ குடும்பத்து அடுப்படி. அம்மா உலைக்கு அரிசி அளந்து வைத்தாள். கழுவுமுன் நாலு வயது மகளைக் கூப்பிட்டாள். அவள் ஓடிவந்து, அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி அள்ளி, மூலையில் இருந்த தனிப் பானையில் போட்டாள். கை சின்னது, பாதி தரையில் சிந்தியது. "சிந்துனத பொறுக்கிப் போடுட்டீ, அது நம்மது இல்லல்லா" என்றாள் அம்மா. பிள்ளை உட்கார்ந்து ஒவ்வொரு மணியாகப் பொறுக்கினாள். சர்ச்சுக்கென்று எடுத்து வைக்கிற இந்தக் கைப்பிடி அரிசிக் காணிக்கை உங்களுக்குத் தெரியாததல்ல. அந்தப் பிள்ளைக்கு அன்றைக்கு யாரும் ஈகையைப் பற்றிப் பிரசங்கம் செய்யவில்லை. நம் சாப்பாட்டில் ஒரு பிடி அடுத்தவருடையது என்பது, வார்த்தையாகப் புரியுமுன்பே அவள் கைக்குப் பழகிவிட்டது.

சர்ச்சில் ஊர் கூடிச் சாப்பிடுகிற அசனப் பண்டிகைக்கு முந்தின ராத்திரி ஊரே உட்கார்ந்து காய் நறுக்கும்போது, சின்னப் பிள்ளைகளுக்கும் பூண்டு உரிக்கிற வேலை கிடைக்கும். ரம்ஸானில் மேலப்பாளையத்துப் பிள்ளை நோன்புக் கஞ்சித் தூக்குவாளியோடு பக்கத்து இந்து வீட்டுக் கதவைத் தட்டுவான். கோயில் கொடை விழாவுக்கு வீட்டுக்கு வீடு வரி பிரிக்கும் பெரியவர்களின் பின்னால் பையன்கள் நோட்டைத் தூக்கிக்கொண்டு அலைவார்கள். ஆனித் தேரில் நெல்லையப்பர் வடத்தைப் பிடிக்கிற பையனுக்கு, ஒரு கையால் தேர் நகராது என்பது உள்ளங்கை எரிச்சலிலேயே தெரிந்துவிடும். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பெரியவர்கள், திரும்பத் திரும்பச் செய்கிற ஒரு வேலை, தன் பங்கும் இதில் உண்டு என்ற நினைப்பு. என் அனுபவத்தில் பிள்ளையை உருவாக்குவது இவைதான். இவற்றைக் கோயிலும் சர்ச்சும் பள்ளிவாசலும் தலைமுறை தலைமுறையாகத் தயாராக வைத்திருக்கின்றன. அங்கே போகாத குடும்பம் இவற்றைத் தானே முயன்று ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். உங்கள் வீட்டில் குறை என்று ஒன்று இருந்தால், அது இதுவாக இருக்கலாம். உங்கள் மகனுக்கு வாராவாரம் அடுத்தவருக்காகச் செய்கிற வேலை ஏதாவது இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள்.

ஆச்சி சொல்லும் "சாமி பயத்துக்கு" வருகிறேன். பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்பதைக் கேட்காமல் நம்மில் யாரும் வளரவில்லை. அதில் உண்மை இல்லாமலும் இல்லை. 2011-ல் 5 முதல் 9 வயதுப் பிள்ளைகளைத் தனியாக ஓர் அறையில் விட்டு, ஏமாற்றினால்தான் எளிதில் ஜெயிக்கும்படியான ஒரு விளையாட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். "அந்த நாற்காலியில் கண்ணுக்குத் தெரியாத ஆலிஸ் இளவரசி உட்கார்ந்திருக்கிறாள்" என்று சிலரிடம் சொல்லியிருந்தார்கள். அதை நம்பிய பிள்ளைகள், நிஜமாகவே ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தால் எப்படியோ, கிட்டத்தட்ட அப்படியே ஒழுங்காக விளையாடினார்கள். பார்க்கிற கண் வேலை செய்கிறது என்பது சரி. அந்த நினைப்பு இருக்கும் வரைதான் வேலை செய்யும் என்பதும், அதற்குப் பிள்ளை கொடுக்கிற விலையும்தான் என் கவலை. ரப்பர் ஒன்றை எடுத்துவிட்டு, கண் போய்விடும் என்று இரண்டு வாரம் விளக்கை அணைக்க விடாமல் தூங்கிய சிறுமியைப் பார்த்திருக்கிறேன். அவள் கடைசி வரை ரப்பரைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. கொடுத்தால் எடுத்தது தெரிந்துவிடுமே!

கதைகளிலும் இதே நிலைதான். 2014-ல் காங் லீ என்ற உளவியலாளரின் குழு 3 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிப் பார்த்தது. நாம் "புலி வருது" என்போமே, அங்கே அது ஓநாய். பொய் சொன்ன பையன் கடைசியில் அழிகிற அந்தக் கதையைக் கேட்ட பிள்ளைகளிடம் உண்மை பேசுவது கூடவில்லை. செர்ரி மரத்தை வெட்டிவிட்டு அப்பாவிடம் ஒத்துக்கொண்டு பாராட்டு வாங்கிய சிறுவன் வாஷிங்டனின் கதையைக் கேட்டவர்களிடம் கூடியது. புராணமோ பைபிளோ நபிமார் சரித்திரமோ, ஆச்சிகள் கதை சொல்லட்டும். தண்டனையில் முடிகிறதை விட, ஒத்துக்கொண்டவனைச் சேர்த்துக்கொள்கிற கதையாகப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டு பேரிடமும் அப்படிப்பட்ட கதை நிறையவே இருக்கும்.

உங்கள் வீட்டில் நான் உண்மையாகவே பயப்படுவது வேறொன்றுக்கு. 2008-ல் ஜான் பார்ட்கோவ்ஸ்கி என்ற சமூகவியலாளர், 16,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோரும் ஆசிரியர்களும் சொன்னதை அலசினார். பெற்றோர் ஒத்துப் போய் வழிபாட்டுக்குப் போன வீடுகளில் பிள்ளைகள் நன்றாக இருந்தார்கள். மதத்தை வைத்துப் பெற்றோர் அடிக்கடி சண்டை போட்ட வீடுகளில் பிள்ளைகளின் நடத்தை மோசமாக இருந்தது. பையன் திருடிய மறுநாளே இரண்டு குடும்பமும் "எந்தச் சாமி" என்று பேச ஆரம்பித்தால், அவன் புரிந்துகொள்வது ஒன்றே ஒன்று: நான் தப்புச் செய்தால் அம்மாவும் அப்பாவும் மோதிக்கொள்வார்கள். தங்கச்சி மேல் விழுகிற அடிக்கு இதில் பங்கு உண்டா என்று கவனியுங்கள். எந்த நாளில், எதற்குப் பிறகு அடிக்கிறான் என்று இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

இனி 50 ரூபாய். அடி வேண்டாம், இதை அவன் அப்பாவிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு பள்ளிகளை ஒப்பிட்டு 2011-ல் வந்த ஆய்வில், அடித்துத் தண்டிக்கிற பள்ளியின் 3, 4 வயதுப் பிள்ளைகள்தான் அதிகம் பொய் சொன்னார்கள், சொன்ன பொய்யைக் கெட்டிக்காரத்தனமாகக் காப்பாற்றவும் செய்தார்கள். தெரிந்துகொண்டே "எடுத்தியா?" என்று கேட்பதையும் விடுங்கள். அந்தக் கேள்வியே பொய்க்கு வாசலைத் திறந்து வைக்கிறது. "எடுத்தது தெரியும். எப்படித் திருப்பிக் கொடுக்கலாம்னு பேசுவோம்" என்று ஆரம்பியுங்கள். கையில் சொந்தமாக ஒரு ரூபாய்கூட இல்லாத பிள்ளைக்கு அடுத்தவர் காசின் அருமை தெரியாது. வாரம் 10 ரூபாய் கொடுங்கள். அதில் 5 ரூபாயை அவனே ஆச்சி கையில் கொடுக்க வேண்டும், பத்து வாரம். கார்டுகளைப் பிடுங்கிக் கிழிக்க வேண்டாம்.

கோயிலா, சர்ச்சா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கும் உங்கள் வீட்டுக்காரருக்கும் உள்ளுக்குள் நம்பிக்கை இருந்தால், அந்த நம்பிக்கைக்காகப் பழக்குங்கள். திருட்டுக்கு மருந்தாகப் பழக்காதீர்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த வித்தியாசம் தெரியும். கும்பிடுவதையே தண்டனை என்று எடுத்துக்கொள்வான். ஆச்சிகள் அவரவர் இடத்துக்கு ஆசையாக அழைத்துப் போனால் போகட்டும். பங்குனி உத்திரத்துக்கு அப்பா வீட்டுச் சாஸ்தாவையும், கிறிஸ்துமஸுக்கு உங்கள் ஊர்த் தேவாலயத்தையும் பார்த்து வளர்கிற பிள்ளை குழம்பிப் போக மாட்டான். எது அசல், எது பொய் என்று பெரியவர்கள் அவன் காதுபட வாதாடினால்தான் குழம்புவான். அவன் படிப்பது மிஷன் பள்ளியாக இருந்து, அங்கே மத போதனை வகுப்பு நடந்தால், உங்கள் சம்மதம் இல்லாமல் அதில் உட்காரக் கட்டாயப்படுத்த முடியாது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளிகளுக்கு அரசியலமைப்பின் 28(3) பிரிவு அப்படித்தான் சொல்கிறது.

எடுப்பது பல மாதம் தொடர்ந்தாலோ, நாய் பூனையை வதைத்தாலோ, தங்கச்சிக்குக் காயம் படுகிற அளவுக்குப் போனாலோ தாமதிக்காதீர்கள். ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

மாமியாரிடம் மட்டும் முன்கூட்டியே ஒன்று பேசி வைத்துவிடுங்கள். முதல் 5 ரூபாயை அவன் நீட்டும்போது, "இனிமே எடுப்பியால?" என்று கேட்க வேண்டாம். வாங்கி, அவன் பார்க்கவே எண்ணி, சுருக்குப் பையில் போட்டு இறுக்கிக்கொண்டு, "சாப்பிட வா" என்று கூப்பிட்டால் போதும்.