கம்பி ஏன் போல்ட் ஓரத்திலேயே அறுகிறது?

கேள்வி: கோவையில் யுபிஎஸ், இன்வெர்ட்டர் சர்வீஸ் செய்கிறேன். லோடு வைத்துச் சோதிப்பதற்காக 230 வோல்ட், 1000 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நானே செய்தேன். 40 மி.மீ. விட்டமும் 300 மி.மீ. நீளமும் உள்ள பீங்கான் குழாயில் 26 கேஜ் நைக்ரோம் கம்பி சுற்றியிருக்கிறேன். இரண்டு முனையிலும் பித்தளை போல்ட்டில் கம்பியை இரண்டு சுற்று சுற்றி நட்டை இறுக்கினேன். அதே போல்ட்டில் லக் (ஒயர் நுனியில் போடும் துளையுள்ள உலோக முனை) மாட்டி சாதாரண பிவிசி ஒயர் கொடுத்தேன். பத்து நாளில் போல்ட்டுக்குப் பக்கத்தில் கம்பி கருகி அறுந்துவிட்டது. இழுத்து மறுபடி கட்டினேன். மறுபடியும் அதே இடம். ஈயம் வைத்துப் பற்றவைத்தால் நிற்குமா, இல்லை தடித்த கம்பி போட வேண்டுமா?

பதில்: ஈயம் வைக்காதீர்கள். வழக்கமான சால்டரிங் ஈயம் 183 டிகிரியில் உருகிவிடும். கம்பி கருகும் அளவுக்குச் சுட்ட போல்ட் அதை எப்போதோ தாண்டியிருக்கும். அதோடு நைக்ரோமில் ஈயம் ஒழுங்காகப் பிடிக்கவும் பிடிக்காது. அமில ஃபிளக்ஸ் போட்டுப் பிடிக்கவைத்தால், மிச்சமிருக்கும் அமிலம் கம்பியை அரிக்கும். தடித்த கம்பி கட்டாயம் போடுங்கள். ஆனால் அதை மட்டும் மாற்றினால் பத்து நாளில் அறுந்தது இரண்டு மாதம் கழித்து அறும், அவ்வளவுதான்.

அறுந்த முனையை நல்ல வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். குழாயின் நடுப்பகுதியில் கம்பி ஒரே சீரான சாம்பல் நிறத்தில் இருக்கும். போல்ட்டை ஒட்டிய ஒன்றிரண்டு செ.மீ. மட்டும் கருத்துப்போய், நகத்தால் சுரண்டினால் செதிலாக உதிரும். முனையில் குண்டூசித் தலை போல ஒரு குட்டி உருண்டை தெரிந்தால், அங்கே பொறி பறந்து கம்பி உருகியிருக்கிறது என்று பொருள். அதாவது கம்பி தன் சூட்டில் அறவில்லை. இணைப்பின் சூடு அதை அறுத்திருக்கிறது.

இது ஏன் என்று புரிந்தால் மீதி வேலை எளிது. ஆல்பர்ட் மார்ஷ் 1906-இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய நிக்கல்–குரோமியம் கலவைதான் இன்றைக்கும் நாம் சுற்றும் நைக்ரோம். சுட்டதும் இதன் மேல் குரோமியம் ஆக்சைடு மெல்லிய தோல் போலப் படரும். அந்தத் தோல் உள்ளே காற்று போகாமல் தடுப்பதால்தான் கம்பி செந்தணலாக எரிந்தும் பல காலம் தாங்குகிறது. ஆனால் அந்தத் தோல் கரண்டைக் கடத்தாது. கம்பியின் நடுவில் கவசமாக இருப்பது, வாஷருக்கு அடியில் புகுந்தால் தடுப்புச் சுவராகிவிடுகிறது.

உங்கள் லோடில் ஓடுவது 4.35 ஆம்பியர். இணைப்பில் 0.1 ஓம் தடை இருந்தால் அங்கே சுமார் 1.9 வாட் சூடு. ஆக்சைடு கூடி அது 0.5 ஓம் ஆனால் 9.5 வாட், அதுவும் கடுகளவு இடத்தில். சூடு ஏறினால் ஆக்சைடு கூடும், ஆக்சைடு கூடினால் தடை கூடும், மறுபடியும் சூடு. பித்தளையும் சூட்டில் இளகி இறுக்கத்தை விட்டுவிடும். இரண்டு சுற்று சுற்றியதில் கம்பி ஒன்றின் மேல் ஒன்று ஏறி, வாஷர் சாய்ந்து ஒரு ஓரத்தில் மட்டும் தொட்டிருக்கும். நட்டை இறுக்கும்போது அந்த ஓரம் கம்பியில் தழும்பும் போட்டிருக்கும். அறுவதற்கு இது தாராளமாகப் போதும்.

அதனால் எந்த ரெசிஸ்டரையும் நான் முனையிலிருந்துதான் யோசிக்கத் தொடங்குவேன். காயிலை யார் வேண்டுமானாலும் சுற்றிவிடலாம். கம்பியை அசையாமல் பிடிப்பது, கம்பியிலிருந்து கரண்டை வாங்குவது, அதை வெளி ஒயருக்குக் கொடுப்பது என்று முனைக்கு மூன்று வேலை இருக்கிறது. உங்கள் பித்தளை போல்ட் இந்த மூன்றையும் ஒரே இடத்தில், குழாயின் சூட்டை ஒட்டியே செய்கிறது. தொழில் பழகிய காலத்தில் நானும் இப்படித்தான் கட்டினேன். என் கையால் கட்டிய ஆறு யூனிட்டில் ஒன்றுகூட ஒரு மழைக்காலம் தாண்டவில்லை.

முதலில் கம்பிக் கணக்கைச் சரி செய்துவிடுவோம். 230 வோல்ட்டில் 1000 வாட் எடுக்க 52.9 ஓம் வேண்டும். 80/20 நைக்ரோமின் (80 சதவீதம் நிக்கல், 20 சதவீதம் குரோமியம்) தடை 400 டிகிரியில் சுமார் 4 சதவீதம் கூடும் என்பதால், குளிர்ந்த நிலையில் 51 ஓம் வைத்தால் சரியாக வரும். 26 கேஜ் மீட்டருக்கு ஏறக்குறைய 6.6 ஓம் என்பதால் 7.7 மீட்டரே போதும் என்று நீங்கள் சுற்றியிருப்பீர்கள். அந்தக் கம்பியின் மொத்த மேற்பரப்பு 110 சதுர செ.மீ.தான். ஒவ்வொரு சதுர செ.மீ.யும் 9 வாட்டை வெளியே தள்ள வேண்டும். இது அடுப்புக் காயிலுக்கான கணக்கு, ரெசிஸ்டருக்கானது அல்ல.

22 கேஜ் எடுங்கள். விட்டம் 0.71 மி.மீ., மீட்டருக்கு 2.75 ஓம். 51 ஓமுக்கு 18.6 மீட்டர் போகும். மேற்பரப்பு 415 சதுர செ.மீ. ஆகிறது, சுமை சதுர செ.மீ.க்கு 2.4 வாட்டாக இறங்குகிறது. கம்பிச் செலவு கூடும்தான். ஒரு முறை செலவழித்தால் போதும்.

கம்பிக்குப் போட்ட கணக்கு குழாய்க்கும் உண்டு, பலர் இதை விட்டுவிடுகிறார்கள். உங்கள் குழாயில் இரண்டு ஓரத்தையும் 40 மி.மீ. விட்டால் 220 மி.மீ. நீளம் மிஞ்சும். அதன் வெளிப்பரப்பு சுமார் 276 சதுர செ.மீ. அதில் 1000 வாட்டைத் தொடர்ந்து ஓட்டினால் எவ்வளவு தடித்த கம்பி போட்டாலும் முனை வெந்துகொண்டுதான் இருக்கும். இதே அளவில் இரண்டு குழாய் எடுத்து, ஒவ்வொன்றிலும் 25.5 ஓம் சுற்றி, சீரிஸில் இணையுங்கள். ஒவ்வொரு குழாயும் 500 வாட்டை நிதானமாகச் சுமக்கும். ஒரு குழாய்க்கு 9.3 மீட்டர், சுமார் 73 சுற்று, சுற்றுக்குச் சுற்று 3 மி.மீ.

கம்பி உட்கார காடி (பள்ளம்) வெட்டிய குழாய் கிடைத்தால் அதையே வாங்குங்கள். காரணம் இருக்கிறது. நைக்ரோம் பீங்கானைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். சூடேறியதும் ஒவ்வொரு சுற்றிலும் அரை மி.மீ.க்குச் சற்றுக் குறைவாகத் தளர்வு வரும். 73 சுற்றையும் சேர்த்தால் 3 செ.மீ. காடியில்லாத வழவழப்பான குழாயில் இந்தத் தளர்வு முழுதும் ஒரு பக்கம் நகர்ந்து, சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டுவிடும். கம்பி ஒவ்வொரு முறை சூடேறி ஆறும்போதும் முனையைப் பிடித்து ஆட்டும். வெறும் குழாய்தான் இருக்கிறது என்றால், சுற்றி முடித்தபின் மேலே சூடு தாங்கும் சிமெண்ட்டை மெல்லப் பூசி, நன்றாகக் காயவிட்டு, குறைந்த வோல்ட்டில் மெதுவாகச் சூடேற்றுங்கள்.

சரி, முனைக்கு வருவோம்.

12 மி.மீ. அகலம், 1 மி.மீ. கனம் உள்ள 304 ரக எவர்சில்வர் பட்டையைக் குழாயைச் சுற்றி வளைத்து, இரண்டு பக்கமும் காது விடுங்கள். ஒரு காது குட்டையாக இருக்கட்டும், இன்னொன்று 100 மி.மீ. நீளமாக இருக்கட்டும். நீளமான காதில் மூன்று துளை போடுங்கள். குழாயை ஒட்டிய முதல் துளையில் வரும் போல்ட் இரண்டு காதையும் சேர்த்துப் பட்டையை இறுக்கும். அங்கிருந்து 40 மி.மீ. தள்ளி இரண்டாவது துளை, கம்பிக்கு. நுனியில் மூன்றாவது துளை, வெளி ஒயரின் லக்குக்கு. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு போல்ட். 5 மி.மீ. எவர்சில்வர் போல்ட் எல்லாவற்றுக்கும் போதும்.

எவர்சில்வர் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். சாப்பாட்டுத் தட்டில் அது குறை, இங்கே அதுதான் நமக்கு உதவி. குழாயின் சூடு காதின் நுனிக்குப் போவதற்குள் காற்றில் ஆறிவிடும். கரண்டுக்கு அது தடையாகாதா என்று கேட்பீர்கள். 80 மி.மீ. நீளத்துக்கு சுமார் 5 மில்லி ஓம் வரும். உங்கள் 4.35 ஆம்பியரில் 0.1 வாட் மட்டுமே.

பட்டைக்கும் பீங்கானுக்கும் நடுவில் செராமிக் ஃபைபர் தாள் ஒரு சுற்று கொடுங்கள், பீங்கான் விரிசல் விடாது. எவர்சில்வரும் பீங்கானைவிட அதிகம் விரியும் என்பதால், வெறும் நட்டால் இறுக்கிய பட்டை சூட்டில் தளரும். முதல் போல்ட்டில் எவர்சில்வர் கூம்பு வாஷர் இரண்டைக் குவி முகம் எதிரெதிராக வைத்து இறுக்குங்கள், விரிவை அவை வாங்கிக்கொள்ளும். சாதாரண இரும்பு ஸ்பிரிங் வாஷர் சூட்டில் வில்தன்மையை இழந்துவிடும், அதை நம்ப வேண்டாம்.

அப்புறம் கம்பியின் வால். அதிகக் கவனம் இங்கேதான் வேண்டும். சுற்றத் தொடங்கும் முன் கம்பியின் நுனியை 25 செ.மீ. மடித்து, மடித்த இரண்டு இழையையும் இறுக்கமாக முறுக்குங்கள். மடிப்பில் மட்டும் 5 மி.மீ. போல்ட் நுழையும் அளவுக்கு ஒரு வளையம் விடுங்கள். இரண்டு இழையிலும் கரண்ட் பாதிப் பாதியாகப் பிரிந்தால், ஒவ்வொரு இழையிலும் சூடு நான்கில் ஒரு பங்காகக் குறையும். காயில் சுடும்போது வால் ஆறியே இருக்கும். முறுக்கு இளகியிருந்தால் இரண்டாம் இழை சும்மா கிடக்கும், அதனால் முறுக்கும்போது ஒரு முனையைக் குறட்டில் பிடித்துச் சீராக இறுக்குங்கள். மிச்ச நுனியை, காயில் தொடங்கும் இடத்தில் கம்பியின் மேல் நாலைந்து சுற்று நெருக்கிச் சுற்றி முடியுங்கள்.

இந்த வால் பட்டைக்கு அடியில் ஒரு சுற்று ஓடட்டும். பிடிக்கும் வேலையைப் பட்டை செய்துவிடும். வெளியே வந்ததும் இரண்டாவது துளைக்குப் போகும் வழியில் கம்பி விறைப்பாக நிற்கக் கூடாது, சின்ன வளைவு ஒன்று தளர்வாக இருக்க வேண்டும். மடிப்பில் விட்ட வளையத்தை போல்ட்டில் மாட்டினால் ஒரு இழை இடப்பக்கமும் ஒரு இழை வலப்பக்கமும் உட்காரும், வாஷர் சாயாது. கீழே தட்டை வாஷர், அதன் மேல் கம்பி, மறுபடி தட்டை வாஷர், கூம்பு வாஷர், நட்டு, அதைப் பூட்ட இன்னொரு நட்டு. மாட்டுவதற்குச் சற்று முன்னால் வளையத்தையும் இரண்டு வாஷரின் முகத்தையும் நைஸ் உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, துணியால் துடைத்து, உடனே இறுக்குங்கள். காயிலை ஒரு தரம்கூடச் சூடாக்குவதற்கு முன் இதைச் செய்துவிட வேண்டும்.

பக்கத்தில் டிக் வெல்டிங் செய்பவர் இருந்தால் இன்னும் நல்லது. வளையத்தை எவர்சில்வர்க் காதோடு ஆர்கான் வாயுவில் ஒரு பொட்டு உருக்கிச் சேர்த்துவிடலாம். நைக்ரோமும் எவர்சில்வரும் நன்றாகச் சேரும். நான் செய்வது இதுதான். பேட்டரி பேக் கட்டும் சின்ன ஸ்பாட் வெல்டர் மெல்லிய நிக்கல் பட்டைக்கானது, இந்த கனத்துக்கு அதை நம்பாதீர்கள்.

வெளி ஒயர் பிவிசி கூடாது. சாதாரண பிவிசி 70 டிகிரிக்கானது. 180 டிகிரி தாங்கும் சிலிக்கான் ஒயரோ, கண்ணாடி இழை உறை போட்ட ஒயரோ எடுத்து, கூண்டுக்கு வெளியே ஒரு பீங்கான் கனெக்டர் வரை கொண்டுபோங்கள். அதற்குப் பிறகு உங்கள் வழக்கமான ஒயர் போதும். இரண்டு குழாயையும் சீரிஸில் சேர்க்க, ஒரு பக்கத்து நீளக் காதுகளின் நுனியை அதே எவர்சில்வர்ப் பட்டையால் இணைத்துவிடுங்கள். குழாய்களைப் படுக்கையாக வையுங்கள். நிறுத்தி வைத்தால் கீழிருந்து ஏறும் அனல் முழுதும் மேல் முனையைத்தான் தாக்கும். ஃபேன் வைப்பதானால், புதுக் காற்று முதலில் ஒயர் இணைப்புகளைத் தொட்டுவிட்டு உள்ளே போகட்டும். சுற்றிலும் துளையுள்ள தகடு போட்டு, தகட்டுக்கு எர்த் கொடுங்கள். முனைகளில் 230 வோல்ட் திறந்து கிடக்கிறது என்பதை ஒரு நாளும் மறக்காதீர்கள்.

முடித்ததும் மெயினில் போடுவதற்கு முன் ஒரு சோதனை. 12 வோல்ட் பேட்டரியை ரெசிஸ்டரின் இரண்டு நுனிக்கும் கொடுங்கள், கால் ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக ஓடும். மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, ஒரு முள்ளை வாஷரின் விளிம்பை ஒட்டிக் கம்பியிலும், இன்னொன்றை எவர்சில்வர்க் காதிலும் தொடுங்கள். ஒரு செ.மீ. தள்ளித் தொட்டாலே கம்பியின் சொந்தத் தடை 3 மில்லிவோல்ட் காட்டிவிடும், அதனால் விளிம்பை ஒட்டியே தொட வேண்டும். 1 மில்லிவோல்ட்டை ஒட்டி இருந்தால் இணைப்பு நன்றாக இருக்கிறது. 5-ஐத் தாண்டினால் கழற்றித் தேய்த்து மறுபடி மாட்டுங்கள்.

பிறகு முழு லோடில் ஒரு மணி நேரம் ஓட்டி, மெயினைத் துண்டித்து, முழுதாக ஆறவிட்டு நட்டுகளை ஒரு முறை இறுக்குங்கள். இப்படி மூன்று முறை. ஓடும்போது போல்ட்டின் சூட்டை இன்ஃப்ராரெட் மீட்டரால் பார்ப்பதானால், போல்ட் தலையில் முன்கூட்டியே சூடு தாங்கும் கறுப்புப் பெயிண்ட் ஒரு பொட்டு வையுங்கள். பளபளக்கும் எவர்சில்வரில் அந்த மீட்டர் உண்மையைவிட வெகு குறைவாகக் காட்டும். மூன்றாவது முறை ஆறியபின் அதே 12 வோல்ட் சோதனையைத் திரும்பச் செய்து, முதல் நாள் குறித்த எண்ணோடு ஒப்பிடுங்கள். ஏறாமல் இருந்தால் அந்த முனையை இனி ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும். பழைய குழாயில் விரிசல் இல்லையென்றால் இரண்டில் ஒன்றாக அதையே பயன்படுத்திக்கொள்ளலாம். பழைய 26 கேஜ் கம்பியை மட்டும் திரும்பச் சுற்றாதீர்கள், ஏற்கெனவே அடைந்த சூட்டில் அது நொறுங்கத் தொடங்கியிருக்கும்.