விலை ஏன் குறைந்தது என்று கேளுங்கள்

நீடாமங்கலத்துக்கு அருகே ஒரு கிராமத்திலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "கணவர் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறார். நடவு, களை என்று வேலை கிடைத்த நாளில் நானும் போகிறேன். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இரண்டு பேர், மாமியார் ஒருவர். ரேஷன் போக, மளிகைக்கும் பாலுக்கும் மாதம் ரூ.3,000 ஒதுக்கவே திணறுகிறோம். ரேஷன் அரிசியில் சில மணிகள் மிதக்கின்றன, பிளாஸ்டிக் என்கிறார்கள். கடையில் நல்லெண்ணெய் நான்கு விலையில் இருக்கிறது, காப்பித்தூளும் அப்படியே. மலிவானதை வாங்கப் பயம், விலை கூடியதை வாங்கப் பணம் இல்லை. எதைப் பார்த்து வாங்குவது?"

சகோதரி, மலிவாக இருக்கும் ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பழகுங்கள்: இது ஏன் மலிவு? உடைந்ததால், நிறம் மங்கியதால், குண்டாக இருப்பதால், அறுவடைக் காலம் என்பதால், அரசு மானியம் தருவதால் விலை குறைந்திருந்தால் தயங்காமல் வாங்குங்கள். விலை கூடிய பொருளுக்குப் பதிலாக வேறொன்றைச் சேர்த்ததால் குறைந்திருந்தால், எது, எவ்வளவு என்று பாக்கெட்டின் பின்புறம் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். கெட்டுப்போனதால் குறைந்திருந்தாலோ, காரணமே புரியாவிட்டாலோ தொட வேண்டாம்.

முதலில் அரிசி. மிதக்கும் அந்த மணிகள் பிளாஸ்டிக் இல்லை, செறிவூட்டிய அரிசி. அரிசி மாவுடன் இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவற்றைப் பிசைந்து, இயந்திரத்தில் அரிசி வடிவத்திலேயே பிழிந்து எடுத்து, நூறு கிலோ சாதாரண அரிசிக்கு ஒரு கிலோ வீதம் கலக்கிறார்கள். மாவிலிருந்து செய்தது என்பதால் நிறம் சற்று மாறியிருக்கும், சில மணிகள் தண்ணீரில் மிதக்கும். அவற்றைப் பொறுக்கி எறியும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். எனக்கு மனம் பொறுக்கவில்லை. ரத்த சோகையோடு வயலில் குனிந்து நிற்கும் பெண்களுக்காகச் சேர்த்த சத்து அது. சந்தேகம் தீர வேண்டுமானால், மிதக்கும் மணிகளைத் தனியே எடுத்து வேகவைத்து விரலால் நசுக்கிப் பாருங்கள், மாவாக மசியும். வீட்டில் யாருக்காவது தலசீமியா போன்ற ரத்த நோய் இருந்தால் மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரேஷன் புழுங்கலரிசியின் வாடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் இரண்டு வகை உண்டு. நெல்லை நீண்ட நேரம் ஊறப்போட்டு அவிப்பதால் வரும் ஊறல் வாடை, இரண்டு முறை கழுவிக் கொதிக்கவிட்டால் போய்விடும். கெடுதல் எதுவும் இல்லை. அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி வைட்டமின்கள் மணிக்குள் இறங்குகின்றன, அதனால் தீட்டிய பிறகும் பச்சரிசியைவிடப் புழுங்கலில் அந்தச் சத்து அதிகமாகத் தங்குகிறது. மக்கல் வாடை வேறு. அரிசி கட்டி கட்டியாக ஒட்டியிருக்கும், பச்சை அல்லது கறுப்புப் பூசணம் தெரியும், கழுவினாலும் வாடை போகாது. அதைக் கோழிக்கும் போடாதீர்கள். கடையிலேயே காட்டி மாற்றித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் 1967 என்ற எண்ணில் புகார் செய்யலாம். வண்டு மட்டும் இருந்தால் நிழலில் பரப்பி, புடைத்துச் சலித்துச் சமைக்கலாம்.

வடித்த கஞ்சியைக் கொட்டிவிடாதீர்கள். கரைந்து போகும் சத்தில் ஒரு பங்கு அதில்தான் இருக்கிறது. நம் பக்கத்தில் அதைப் பழைய சோற்றில் ஊற்றி வைக்கும் வழக்கம் இருந்தது, மாமியாரைக் கேட்டால் சொல்வார்.

கூடுதலாக அரிசி வாங்க நேர்ந்தால் சன்ன ரகத்துக்குப் பணம் கொடுக்க வேண்டாம். சன்னத்துக்கும் குண்டான மோட்டா ரகத்துக்கும் இடையே உள்ள விலை வித்தியாசம் பெரும்பாலும் தோற்றத்துக்கும் வாய்க்கு இதமாக இருப்பதற்கும்தான். உடம்புக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒன்றே. குறுவைப் பருவத்தில் விளையும் ஆடுதுறை 37, சம்பாப் பருவத்தில் விளையும் சி.ஆர். 1009 இரண்டும் குண்டு ரகங்கள். இட்லிக்கும் பழைய சோற்றுக்கும் பொன்னியைவிட இவையே நன்றாக இருக்கும்.

உங்கள் கணவர் ஆலையில் வேலை செய்கிறார் என்றால் நொய் கிடைக்கும். அரைக்கும்போது உடைந்த அதே அரிசி அது, உடைந்த ஒரே காரணத்தால் முழு அரிசியைவிட விலை மிகவும் குறைவு. தவிடும் கல்லும் கலந்திருக்கிறதா என்று ஒரு கைப்பிடியை வெள்ளைத் துணியில் பரப்பிப் பார்த்து வாங்குங்கள், சமைக்கும் முன் நன்றாக அரித்துக்கொள்ளுங்கள். என் அம்மா நொய்க்கஞ்சியில் ஒரு பிடி பச்சைப்பயறு போட்டு, பருப்புத் துவையலோடு தருவார். அதை ஏழைச் சாப்பாடு என்று நாங்கள் நினைத்ததே இல்லை.

அரிசி வயிற்றை நிரப்பிவிடும். வளரும் பிள்ளைகளுக்குக் குறைவது புரதம். இதற்கு நான் ஒரு கணக்குச் சொல்லித் தருகிறேன்: ஒரு கிராம் புரதம் என்ன விலைக்கு வருகிறது? ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். முட்டை ரூ.6 என்றால் கிராம் ஒரு ரூபாய். நிலக்கடலையில் 100 கிராமுக்கு 25 கிராம், கிலோ ரூ.140 என்று வைத்துக்கொண்டால் கிராம் 56 காசு. ரேஷன் துவரம் பருப்பு கிலோ ரூ.30, அதில் 100 கிராமுக்கு 22 கிராம் புரதம். கிராம் 14 காசுக்குக் கூட வரவில்லை. இதைவிட மலிவாகப் பருப்பு எந்தக் கடையிலும் கிடைக்காது. சில குடும்பங்கள் இந்தப் பருப்பை விற்றுவிட்டுப் பிள்ளைகளுக்கு பிஸ்கட் வாங்குவதைக் கண்டு வருந்தியிருக்கிறேன். கடையில் இருப்பு இல்லை என்றார்கள் என்று விட்டுவிடாதீர்கள். மாதம் முடிவதற்குள் இன்னொரு முறை போய்க் கேளுங்கள்.

உளுந்துக்கு உங்கள் வயலே கடை. சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு, நிற்கும் நெற்பயிருக்குள் உளுந்தும் பயறும் தெளிக்கிறார்கள். மண்ணில் மிஞ்சிய ஈரத்திலும் பனியிலுமே அது விளைந்துவிடும். பங்குனி, சித்திரையில் களத்துக்கு வரும்போது விலை இறங்கியிருக்கும். அப்போது தோலோடு ஐந்தாறு கிலோ வாங்கிக் காயவைத்துக்கொள்ளுங்கள். பல்லில் கடித்தால் டக்கென்று இரண்டாகப் பிளக்க வேண்டும். மெத்தென்று நசுங்கினால் ஈரம் இருக்கிறது, வைத்தால் பூசணம் பிடிக்கும். மணியில் ஊசித் துளை தெரிந்தால் வண்டு ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. தோல் நீக்கி வெள்ளையாகப் பளபளக்கும் உளுந்துக்குக் கூடுதல் விலை கொடுப்பது, தோலின் நார்ச்சத்தை இழப்பதற்குக் கொடுக்கும் கூலி.

இனி எண்ணெய். இதில்தான் ஏமாற்று அதிகம், இதில்தான் உங்கள் கணக்கறிவு பயன்படும். எள்ளை ஆட்டினால் எடையில் சுமார் நாற்பது சதவீதம், கொஞ்சம் கூடுதலாகவும் எண்ணெய் வரும். ஒரு லிட்டர் எண்ணெயின் எடை ஏறத்தாழ 920 கிராம். ஆக, ஒரு லிட்டருக்கு இரண்டேகால் கிலோ எள் வேண்டும். எள் கிலோ ரூ.150 என்று வைத்துக்கொள்ளுங்கள். எள்ளுக்கே ரூ.337 ஆகிறது. பிண்ணாக்கு விற்று ஐம்பது ரூபாய் திரும்பினாலும், ஆட்டுக்கூலி, பாட்டில், கடைக்காரர் லாபம் எல்லாம் மேலே சேர வேண்டும். அப்படியிருக்க, ஒருவர் சுத்தமான செக்கு நல்லெண்ணெய் லிட்டர் ரூ.180 என்று விற்றால் அது எள்ளிலிருந்து மட்டும் வந்ததாக இருக்க முடியாது. இதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. கோடையில் நம் பக்கத்திலேயே எள் விளைகிறது. அன்றைய எள் விலையை விசாரித்து, இரண்டேகாலால் பெருக்கிப் பாருங்கள். கடலை எண்ணெய்க்கும் இதே வழிதான், நிலக்கடலைப் பருப்பின் விலையைக் கொண்டு பார்க்க வேண்டும்.

அந்த மலிவு பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். 'தீபம் ஏற்றுவதற்கு மட்டும்' என்று பொடி எழுத்தில் இருக்கும். கோயில்கள் நிறைந்த நம் ஊர்களில் விளக்கேற்றும் எண்ணெய் வரிசையும் சமையல் எண்ணெய் வரிசையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. விளக்கு எண்ணெய் உணவுக்கான விதிகளின்படி தயாராவதில்லை. அதைத் தாளிக்க ஒரு சொட்டுக்கூடப் பயன்படுத்த வேண்டாம். இன்னொன்று 'கலப்பு சமையல் எண்ணெய்'. இது சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. எந்த எண்ணெய் எத்தனை சதவீதம் என்று அச்சிட வேண்டும், எதுவும் 20 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. முன்புறம் கடலைப் படம் இருக்கும், சதவீதத்தைத் தேடிப் படித்தால் கடலை எண்ணெய் இருபதே என்று இருக்கும். உண்மையை எழுதியிருக்கிறார்கள், வாங்கலாம். ஆனால் கடலை எண்ணெய் விலை கொடுக்காதீர்கள். சில்லறையாக ஊற்றித் தரும் எண்ணெயை மட்டும் எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.

உங்கள் நிலையில் நான் செய்வது இது: ரேஷன் பாமாயில் லிட்டர் ரூ.25, அதைப் பொரிக்கவும் வதக்கவும் வைத்துக்கொள்வேன். மார்கழியில் அது உறைவது இயல்பு, கலப்படம் இல்லை. அதில் கெட்டிக் கொழுப்பு அதிகம் என்பதால் அளவு குறைவாக இருக்க வேண்டும். மிச்சப் பணத்தில் நல்ல நல்லெண்ணெய் அரை லிட்டர், இட்லிப்பொடிக்கும் தாளிப்பதற்கும். ஒருவருக்கு மாதம் அரை லிட்டர், எல்லா எண்ணெயும் சேர்த்து, போதும். பொரித்த எண்ணெய் கறுத்து, நுரைத்து, சீக்கிரமே புகையத் தொடங்கினால் அதன் ஆயுள் முடிந்தது.

காப்பித்தூளில் விலையைத் தீர்மானிப்பது சிக்கரி. அது ஒரு செடியின் வேர், வறுத்து அரைத்தால் கறுப்பும் கெட்டியும் தரும், காப்பியைவிட மிகவும் மலிவு. கலவையில் 49 சதவீதம் வரை சிக்கரி இருக்கலாம், எவ்வளவு என்று பாக்கெட்டில் எழுதியிருக்க வேண்டும். 'கும்பகோணம் டிகிரி' என்ற பெயர்ப் பலகை எதற்கும் உத்தரவாதம் இல்லை. இந்தச் சதவீதத்தைத்தான் பார்க்க வேண்டும். பாக்கெட் இல்லாத தூள் என்றால் ஒரு கண்ணாடி டம்ளர் குளிர்ந்த நீரில் ஒரு சிட்டிகை தூவுங்கள். காப்பித்தூள் சற்று நேரம் மிதக்கும். சிக்கரி உடனே பழுப்புக் கோடுகளை இழுத்துக்கொண்டு அடியில் இறங்கும். சிக்கரி உடம்புக்குக் கேடு செய்வதில்லை. பாதி சிக்கரிக்குக் காப்பி விலை கொடுப்பதுதான் கேடு. அரைத்துத் தரும் கடையில் தனிக் காப்பித்தூள் 100 கிராமும் சிக்கரி தனியாகவும் வாங்கி நீங்களே கலந்தால், என்ன குடிக்கிறீர்கள் என்று உங்களுக்குத் தெரியும். தேயிலைக்குச் சோதனை இன்னும் எளிது: ஈரமான வெள்ளைத் தாளில் தூவினால் உடனே சாயம் பரவக் கூடாது.

பாலில் ஒரு தவறான சிக்கனத்தைப் பல வீடுகளில் பார்க்கிறேன். கொழுப்பு நிறைந்த பாலை வாங்கிச் சரிபாதி தண்ணீர் சேர்க்கிறார்கள். அந்தப் பாலில் கொழுப்பு 6 சதவீதம், கொழுப்பில்லாத சத்துகள் 9 சதவீதம். தண்ணீர் சேர்த்தால் 3, 4.5 ஆகிவிடும். நீல நிற பாக்கெட்டில் வரும் சமன்படுத்திய பாலில் கொழுப்பு அதே 3, மற்ற சத்துகளோ 8.5. புரதமும் சுண்ணாம்புச் சத்தும் இந்த இரண்டாவது எண்ணில்தான் அடங்கியிருக்கின்றன. பிள்ளைகளுக்கு நீல பாக்கெட் வாங்கி, தண்ணீர் சேர்க்காமல் கொடுங்கள்.

பத்து ரூபாய் மாம்பழ பானத்தில் பழம் பத்து சதவீதம் இருந்தாலே விதி நிறைவேறிவிடும்; மீதி பெரும்பாலும் தண்ணீரும் சர்க்கரையும். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து இறங்கு வரிசையில் அச்சிட வேண்டும் என்பது சட்டம், முதல் மூன்று பெயர்களைப் படித்தாலே போதும். அதே பத்து ரூபாய்க்குத் தயிர் வாங்கி இரண்டு பிள்ளைகளுக்கும் நீர்மோர் கரைக்கலாம். பானகத்துக்கு வெல்லம் வாங்கினால் கறுத்ததையே எடுங்கள். மஞ்சளாகப் பளிச்சென்று தெரிவதற்குப் பல இடங்களில் ரசாயனம் போடுகிறார்கள், அந்த நிறத்துக்கும் கூடுதல் விலை.

வேதாரண்யத்துக் கல்லுப்பை வண்டியில் விற்கும்போது மலிவாகத் தெரியும். ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் அது சரி. தினசரிச் சமையலுக்கு அயோடின் கலந்த பாக்கெட் உப்பே வாங்குங்கள். ஐந்து பேர் குடும்பத்துக்கு மாதம் சில ரூபாய்தான் கூடும். பணத்தை மிச்சப்படுத்தக் கூடாத இடம் இது ஒன்று.

மீன் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் நாகப்பட்டினத்திலிருந்து வண்டியில் உங்கள் ஊருக்கு மீன் வரும் என்று நம்புகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்நாட்களில் விலை ஏறும், தூரத்திலிருந்து வந்த ஐஸ் மீனும் அதிகம், அப்போது ஏரிக் கெண்டை வாங்குங்கள். தடை முடிந்த பிறகு மத்தி, காரப்பொடி இரண்டும்தான் உங்களுக்கு ஏற்றவை. சிறிய மீன் என்பதாலேயே மலிவு, முள்ளோடு மென்று தின்றால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருக்க வேண்டும். கண் குழிந்திருக்கக் கூடாது. விரலால் அழுத்திய பள்ளம் உடனே நிமிர வேண்டும். வண்டிக்காரர் செவுளைப் பார்க்க விடவில்லை என்றால் அன்றைக்கு முட்டைக் குழம்பு வையுங்கள்.