‘ட்ரையல்’ என்றால் ஆராய்ச்சியா?

மருத்துவக் கோடிங்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அமெரிக்க மருத்துவமனைகளுக்கு கோடிங் செய்யும் (சிகிச்சைக் குறிப்புகளைக் கட்டணக் குறியீடுகளாக மாற்றும்) அலுவலகம் ஒன்றில் எட்டு மாதமாகப் பணிபுரிகிறேன். சென்ற வாரம் வந்த சார்ட் (நோயாளியின் மருத்துவப் பதிவு) ஒன்றில் ‘இன்ட்ராதீகல் பாக்லோஃபென் ட்ரையல்’ என்று இருந்தது. ட்ரையல் என்று எழுதியிருந்ததால், ஆராய்ச்சிக்கு உரிய இசட்00.6 குறியீட்டையும் க்யூ1 மாடிஃபையரையும் (குறியீட்டோடு ஒட்டும் துணைக்குறி) சேர்த்தேன். ஆடிட்டில் பிழை என்று திருப்பிவிட்டார்கள். எங்கே தவறினேன்?
– வாசகி, தாம்பரம்

பதில்: ட்ரையல் என்ற சொல்லுக்கு மருத்துவத்தில் இரண்டு பொருள் உண்டு, நீங்கள் பொருந்தாத பொருளை எடுத்துக்கொண்டீர்கள். ஒரு மருந்து மனிதர்களுக்குப் பயன்படுமா என்று பலரிடம் ஆராய்வது ஒன்று. ஏற்கெனவே அனுமதி பெற்ற மருந்து இந்த ஒரு நோயாளிக்குப் பலிக்கிறதா என்று, மருந்தைத் தொடர்ந்து செலுத்தும் பம்ப்பை உடலுக்குள் பொருத்தும் பெரிய அறுவைக்கு முன்னால் ஓர் ஊசியில் போட்டுப் பார்ப்பது மற்றொன்று. உங்கள் சார்ட்டில் இருந்தது இரண்டாவது. ‘இன்ட்ராதீகல்’ என்பது மருந்தைத் தண்டுவட நீரில் செலுத்துவதைக் குறிக்கும்.

பாக்லோஃபென் புதிய மருந்து அன்று. சீபா நிறுவனத்தில் ஹைன்ரிச் கெபெர்லே 1962இல் வலிப்பு நோய்க்காக இதை உருவாக்கினார். வலிப்புக்கு அது எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. தசை விறைப்பைத் தளர்த்துவதில் அதன் பயன் தெரியவந்தது. மாத்திரையாக விழுங்கும்போது மூளைக்கும் தண்டுவடத்துக்கும் மிகச் சிறிதளவே போய்ச் சேர்வதால், நாளொன்றுக்கு 80 மில்லிகிராம் வரை கொடுத்தும் சிலருக்கு விறைப்பு குறைவதில்லை. தூக்கக் கலக்கமும் உடல் தளர்ச்சியும்தான் மிஞ்சுகின்றன. சிகாகோவில் ரிச்சர்ட் பென், ஜெஃப்ரி கிரோயின் ஆகிய இருவரும் இதே மருந்தைத் தண்டுவட நீரில் நேராகச் செலுத்திக் கண்ட பலனை 1984இல் வெளியிட்டார்கள். தண்டுவடப் பாதிப்பால் வரும் கடும் விறைப்புக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1992இலும், மூளைப் பாதிப்பால் வருவதற்கு 1996இலும் அனுமதி தந்தது.

சோதனை நடக்கும் முறையை மனத்தில் வைத்துக்கொண்டால் சார்ட்டைப் படிப்பது எளிதாகும். இடுப்புப் பகுதியில் முதுகெலும்புகளின் இடைவெளி வழியாக ஊசி செலுத்தி, ஒரு மில்லிலிட்டரில் கலந்த 50 மைக்ரோகிராம் மருந்தை ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் மெல்லச் செலுத்துவார்கள். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் தசைத் தளர்ச்சி தொடங்கும். ஏறத்தாழ நான்காம் மணியில் உச்சத்தை எட்டும். நான்கு முதல் எட்டு மணி நேரம் வரை நோயாளியைக் கண்காணிப்பார்கள். பலன் போதாவிட்டால் 24 மணி நேரம் கழித்து 75, அதுவும் போதாவிட்டால் இன்னொரு 24 மணி கழித்து 100 மைக்ரோகிராம் கொடுப்பார்கள். நூறுக்கும் இணங்காதவருக்குப் பம்ப் பொருத்துவதில்லை.

இவ்வளவிலும் ஆராய்ச்சி எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். இசட்00.6 போட்ட கிளெய்மை, அதாவது கட்டணக் கோரிக்கையைப் பார்க்கும் பேயர் (பணம் தரும் காப்பீட்டு நிறுவனம்), ஆய்வின் எட்டு இலக்கப் பதிவு எண்ணைக் கேட்பார்; இல்லாத எண்ணை யாரும் தர முடியாது. பணம் நிற்பதோடு போகாமல், ஆராய்ச்சியில் பங்கேற்றவர் என்ற தவறான பதிவும் அந்த நோயாளியின் பெயரில் ஏறிவிடுகிறது. எனக்கு அதுதான் பெரிய தீங்காகத் தோன்றுகிறது. சார்ட்டில் ஆய்வுக்கான ஒப்புதல் படிவமும் பதிவு எண்ணும் உண்மையாகவே இருந்தால் மட்டுமே அந்தக் குறியீடுகளைத் தொடுங்கள்.

கேள்வி: பாக்லோஃபெனுக்கு ஜே0475, ஜே0476 என இரண்டு குறியீடுகள் உள்ளன. எதை எப்போது போடுவது? 75 மைக்ரோகிராம் கொடுத்தால் ஒன்றரை யூனிட் என்று போட முடியுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: சோதனை ஊசிக்கு ஜே0476, அதன் ஒரு யூனிட் 50 மைக்ரோகிராம். பம்பில் நிரப்பும் மருந்துக்கு ஜே0475. அதன் ஒரு யூனிட் 10 மில்லிகிராம். ஒன்றுக்கு மற்றொன்று இருநூறு மடங்கு. ஆகவே குறியீட்டின் கடைசி எண்ணைத் தவறாக அடிப்பது சிறிய தட்டச்சுப் பிழை ஆகாது.

நான் ஆடிட் செய்த காலத்தில் ஒரு கிளெய்ம் கைக்கு வந்தது. செவிலியரின் மருந்துப் பதிவில் ‘50’ என்று இருந்ததை அப்படியே எடுத்து, யூனிட் கட்டத்திலும் 50 என்று அடித்திருந்தார் அந்தக் கோடர். கணக்குப்படி 2,500 மைக்ரோகிராம். கொடுத்த மருந்தைப் போல ஐம்பது மடங்கு. அவர் கவனக்குறைவானவர் அல்லர். மருந்தின் அளவும் யூனிட்டின் எண்ணிக்கையும் ஒன்றே என்று யாரோ அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அன்றுமுதல் புதிதாகச் சேர்பவர்களிடம், கொடுத்த மைக்ரோகிராமை 50ஆல் வகுத்துத் தாளில் எழுதிய பிறகே கணினியில் ஏற்றச் சொல்கிறேன்.

யூனிட்டில் பின்னம் போட இயலாது. மேல்நோக்கி முழுமையாக்க வேண்டும். 75 மைக்ரோகிராமுக்கு இரண்டு யூனிட். மிகச் சிறிய உடல்வாகு உள்ள குழந்தைக்கு 25 மைக்ரோகிராமில் தொடங்கினால் அதற்கு ஒரு யூனிட். ஆம்பூலில் மீந்து கொட்டிய மருந்துக்குத் தனியாக ஜே.டபிள்யூ மாடிஃபையருடன் இன்னொரு வரி சேர்க்கலாமா என்று அடுத்து கேட்கத் தோன்றும். சேர்க்கக் கூடாது; முழுமையாக்கிய யூனிட்டிலேயே மீந்ததும் அடங்கிவிட்டது. அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிக்கேர் 2023 ஜூலை முதல் கட்டாயமாக்கிய ஜே.இசட் மாடிஃபையரே (மீந்ததற்குத் தனியாகக் கட்டணம் கேட்கவில்லை என்று காட்டுவது) இங்கு வரும். கொட்டிய அளவு சார்ட்டில் எழுதப்பட்டிருக்கிறதா என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் குழுவில் வழங்கும் குறிப்புத்தாளில் இந்தச் சோதனை ஊசியைப் போடும் செயலுக்கு 62311 என்று உள்ளது. அது சரியா?
– வாசகர், திருச்சி

பதில்: அந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள். 62311 என்ற குறியீடு 2017 தொடக்கத்திலேயே நீக்கப்பட்டுவிட்டது. எக்ஸ்ரே போன்ற படவழிகாட்டல் இல்லாமல் இடுப்புப் பகுதியில் போட்டால் 62322. படவழிகாட்டலோடு போட்டால் 62323. இரண்டாவதில் படமும் சேர்ந்தே இருப்பதால், ஃப்ளூரோஸ்கோப்பிக்கு (நேரடியாக ஓடும் எக்ஸ்ரே படம்) 77003 என்று தனியாகப் போடக் கூடாது. ஒற்றை ஊசிக்குப் பதிலாக மெல்லிய குழாயை உள்ளே விட்டு, தொடர்ந்தோ விட்டுவிட்டோ மருந்து செலுத்திச் சோதித்தால் 62326 அல்லது 62327.

கேள்வி: மூன்று அளவும் கொடுத்துப் பார்த்தும் பலனில்லை என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். தோல்வியுற்ற சோதனைக்குக் கட்டணம் கேட்கலாமா?
– வாசகி, வேளச்சேரி

பதில்: தாராளமாகக் கேட்கலாம். பம்ப் இவருக்கு வேண்டாம் என்ற விடையைக் கண்டறிவதும் சோதனையின் பணியே. மூன்று நாளுக்கும் அந்தந்தத் தேதியில் ஊசியின் குறியீடு ஒன்று. மருந்துக்கு முறையே 1, 2, 2 யூனிட்.

கேள்வி: ஐயா, வணக்கம். நாங்கள் நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். என் மகனுக்கு வயது பதினொன்று. பிறவியிலேயே மூளை முடக்குவாதம். இரண்டு கால்களும் கத்தரிக்கோல்போலப் பின்னிக்கொள்ளும். டயப்பர் மாற்றவே இருவர் வேண்டும். இரண்டு நாள் சோதனை ஊசி போட்டார்கள். இரண்டாம் நாள் மாலை அவன் முழங்கால்களை நான் ஒருத்தியே விலக்க முடிந்தது. ஆனால் பில்லில் ஒரே ஊசி இரண்டு முறை வந்திருக்கிறது. பம்ப்புக்கும் காப்பீட்டு நிறுவனம் அனுமதி மறுத்துவிட்டது. நான் என்ன செய்ய வேண்டும்?
– ஒரு தாய்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் முழங்கால்களைப் பற்றிய அந்த ஒரு வரி, மருத்துவமனைக் கோப்பில் இருக்க வேண்டிய வரி. அது அங்கே இருக்கிறதா என்பதில்தான் பெரும்பாலும் அனுமதியே அடங்கியிருக்கிறது.

முதலில் பில். ஊசி இரண்டு முறை வந்திருப்பது இரட்டைக் கட்டணம் ஆகாது. முதல் நாள் 50 மைக்ரோகிராம், 24 மணி நேரம் கழித்து 75 மைக்ரோகிராம் என்று இரண்டு தனித்தனி ஊசிகள் போட்டிருப்பார்கள். வரிவாரியான பில்லைக் கேட்டு வாங்கி, தேதிகள் இரண்டும் வேறாக உள்ளனவா, மருந்து முதல் நாள் ஒரு யூனிட், மறுநாள் இரண்டு யூனிட் என்று உள்ளதா என்று பாருங்கள். ஒரே தேதி இருமுறை வந்திருந்தால் மட்டும் கேள்வி எழுப்புங்கள்.

இனி பம்ப். மெடிக்கேரின் தேசிய விதி 280.14 இரண்டு நிபந்தனைகளை வைக்கிறது. மாத்திரை போன்ற எளிய வழிகளைக் குறைந்தது ஆறு வாரம் முயன்றும் விறைப்பு அடங்காமலோ, தாங்க முடியாத பக்கவிளைவு வந்தோ இருக்க வேண்டும்; தண்டுவடச் சோதனை ஊசிக்கு நல்ல பலன் தெரிந்திருக்க வேண்டும். தனியார் நிறுவனங்கள் பலவும் இதையொட்டியே தங்கள் விதிகளை வகுத்துள்ளன. மறுப்புக் கடிதங்களில் நான் அடிக்கடி கண்ட குறை, சோதனை நன்றாகவே நடந்திருக்கும், ஆனால் அது பலித்தது என்பதற்கான எழுத்து இருக்காது. ‘நோயாளி நன்றாகத் தாங்கினார்’ என்ற ஒரு வரியை வைத்து யாரும் அனுமதி தரமாட்டார்கள். ஊசிக்கு முன்னும் பின்னும் தசை விறைப்பை ஆஷ்வொர்த் அளவுகோலில் அளந்து, எந்தத் தசை, எத்தனை மணி, எண் நான்கிலிருந்து இரண்டுக்கு இறங்கியதா என்று எழுதியிருக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் மட்டும் அளந்துவிட்டு, உச்சப் பலன் தெரியும் நான்காம் மணியில் அளக்காமல் விட்ட சார்ட்டுகளும் உண்டு.

ஆகவே ஊசிக் குறிப்பு, இரண்டு நாளின் செவிலியர் பதிவு, பிசியோதெரபிஸ்ட்டின் அளவீடு, முன்பு கொடுத்த மாத்திரைகளின் பெயர், அளவு, தொடங்கி நிறுத்திய தேதிகள் ஆகியவற்றின் நகலைக் கேளுங்கள். நோய்க்குறியீட்டையும் பாருங்கள். ஜி80.9 என்று இருந்தால், அது வகை குறிப்பிடாத மூளை முடக்குவாதம். விறைப்பு என்ற செய்தியே அதில் இல்லை. நான்கு கைகால்களிலும் விறைப்பு இருந்தால் ஜி80.0, முக்கியமாகக் கால்களில் இருந்தால் ஜி80.1. எது பொருந்தும் என்பதை மருத்துவர்தான் எழுத வேண்டும். அவர் எழுதியதைத்தான் கோடர் குறியீடாக்க முடியும். நீங்கள் கண்டதையும் தேதி, நேரத்துடன் எழுதி மருத்துவரிடம் கொடுத்து, அவருடைய மேல்முறையீட்டுக் கடிதத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். மேல்முறையீட்டுக்கான கடைசி நாள் மறுப்புக் கடிதத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தத் தேதியைப் பாருங்கள்.