வெளிநாட்டில் படிக்கும்போது அங்குள்ள வரலாற்றுச் சின்னங்களை எப்படி ரசிப்பது?

முதுகலைப் படிப்புக்காக இங்கிலாந்து போகிறீர்கள், படிப்புக்கும் பகுதிநேர வேலைக்கும் நடுவே எத்தனை இடங்களைப் பார்த்துவிட முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். நிறைய பார்க்க வேண்டாம் என்பதே என் பதில். இரண்டு நாள் விடுப்பில் வரும் சுற்றுலாப் பயணிக்குத்தான் ஓட்டம் வேண்டும். உங்களுக்கு அந்த ஊரில் முழுதாக ஒரு வருடம் இருக்கிறது. ஏதாவது ஒரு கட்டிடத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு அதற்கே திரும்பத் திரும்பப் போங்கள்.

நான் படித்தது வட இங்கிலாந்திலுள்ள டர்ஹாமில். வியர் ஆறு வளைத்துக்கொண்டு ஓடும் குன்றின்மேல் பேராலயமும் கோட்டையும் எதிரெதிரே நிற்கின்றன. 1986-இல் இரண்டும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. இடையில் பல்கலைக்கழக நூலகம் ஒன்று இருக்கிறது. அங்கே போகும் வழியில் பேராலயத்துக்குள் கால்மணி நேரம் நுழைந்துவிட்டுப் போவது எனக்கு வழக்கமாகிவிட்டது. நுழைவுக் கட்டணம் கிடையாது. விரும்பினால் நன்கொடை கொடுக்கலாம்.

முதல்முறை போனால் உயரம்தான் கண்ணில் படும். அண்ணாந்து பார்த்து, படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுவோம். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அடுத்த முறை ஒரு கேள்வியோடு போங்கள்: இதைக் கட்டியவர்களுக்கு அப்போது என்ன அவசரம்? பிரான்ஸின் நார்மண்டியிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தது 1066-இல். வடபகுதி பணிய மறுத்ததால் 1069-70 குளிர்காலத்தில் ஊர் ஊராகக் கொளுத்தினார்கள். 1072-இல் கோட்டை, 1093-இல் பேராலயம். தோற்றுப்போன சாக்சன் மக்களின் பழைய தேவாலயத்தை இடித்துவிட்டுத் தொடங்கிய வேலை நாற்பதே ஆண்டுகளில் பெரும்பாலும் முடிந்துவிட்டது. பக்தி மட்டுமே இவ்வளவு வேகமாகக் கல் சுமக்காது என்பது என் எண்ணம். இந்தக் காலவரிசை மனதில் இருந்தால், சாய்சதுரமும் நெளிகோடும் வெட்டிய அந்தப் பருத்த தூண்கள் வேறு மாதிரி தெரியும். வென்றவன் தோற்றவனிடம் பேசிய பேச்சு அது.

பிறகு 1650-க்கு வாருங்கள். ஸ்காட்லாந்தின் டன்பாரில் நடந்த போரில் ஆங்கிலேயத் தளபதி கிராம்வெல் பிடித்த ஸ்காட்லாந்து வீரர்களில் ஏறத்தாழ 3,000 பேரை இதே பேராலயத்துக்குள் அடைத்துவைத்தார்கள். பசியிலும் நோயிலும் பெரும்பாலோர் இறந்துபோனார்கள். குளிர் தாங்காமல் உள்ளிருந்த மரவேலைப்பாடுகளை உடைத்து எரித்தார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. ஒரு மரக்கடிகாரம் மட்டும் தப்பியது. அதன்மேல் ஸ்காட்லாந்தின் சின்னமான திஸ்ல் பூ செதுக்கியிருந்ததால் அவர்கள் கைவைக்கவில்லை என்று அங்கே சொல்வார்கள். உண்மையோ கதையோ, கடிகாரம் இன்றும் இருக்கிறது. இறந்தவர்களை எங்கே புதைத்தார்கள் என்பதுதான் நெடுங்காலம் தெரியாமல் இருந்தது. 2013-இல் அந்த நூலகத்துக்குச் சிற்றுண்டிச்சாலை கட்டத் தோண்டியபோது எலும்புகள் கிடைத்தன. ஆய்வு செய்து, அந்தப் போர்க்கைதிகள்தான் என்று உறுதிப்படுத்தி, 2018-இல் முறைப்படி அடக்கம் செய்தார்கள். நாம் காப்பி குடிக்கப் போகும் இடத்தின் வரலாறு இது.

ஒலி வழிகாட்டியை நம்பி அலைவதைவிட அங்குள்ள தன்னார்வலர்களிடம் பேசுங்கள். பெரும்பாலும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருப்பவர்கள். (ஒரு சிலரிடமிருந்து விடுபடுவது சிரமம். வகுப்பு இருக்கிறது என்று சொல்லலாம்.) அப்படி ஒரு பெரியவர்தான் கிழக்குக் கோடியிலுள்ள ஒன்பது பீட வழிபாட்டறைக்கு என்னை அழைத்துப்போனார். அங்கே ஒல்லியான கறுப்புத் தூண்கள் உண்டு. "முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள்" என்றார். பளபளப்பான கறுப்பில் விரல் பருமனுக்கு வெள்ளைச் சுருள்கள், நடுவிலிருந்து ஆரம் ஆரமாகப் பிரியும் நுண்கோடுகள். வண்ணக் கலவையோ என்று நினைத்தேன். பவளப் புதைபடிவமாம்! பக்கத்துப் பள்ளத்தாக்கின் ஃப்ராஸ்டர்லி ஊரில் வெட்டிய சுண்ணாம்புக்கல். முப்பது கோடி ஆண்டுகளுக்கு முன் வெப்பக் கடலின் அடியில் கிடந்தது. கல்லை மெருகேற்றும்போதுதான் இந்த உருவங்கள் வெளிவரும். அன்று முழுக்க எனக்குப் படிப்பு ஓடவில்லை.

சில நடைமுறை விஷயங்கள். மாலை வழிபாட்டில் பாடகர் குழு பாடும்; எந்த மதத்தவரும் போய் உட்காரலாம். அந்தக் கூரையின் கீழ் பாட்டு எப்படி ஒலிக்கிறது என்பதைப் பகல் நேரச் சுற்றுலாவில் தெரிந்துகொள்ள முடியாது. எதிரேயுள்ள கோட்டை இன்று பல்கலைக்கழகத்தின் ஒரு கல்லூரி; அங்கே மாணவர்கள் தங்கியிருக்கிறார்கள். அறிமுகமான யாராவது இருந்தால் சாப்பாட்டுக் கூடத்துக்கு ஒருநாள் அழைக்கச் சொல்லுங்கள். பட்டம் வாங்குமுன் பேராலயக் கோபுரத்தில் ஏறினால் தேர்ச்சி பெறமாட்டோம் என்ற நம்பிக்கையும் மாணவர்களிடையே உண்டு. ஏறுவதும் ஏறாததும் உங்கள் துணிச்சல்.

நீங்கள் சேரும் ஊர் டர்ஹாமாக இருக்க வேண்டியதில்லை. பழைய சந்தைக் கட்டிடமோ ரயில் பாலமோ நகர மதிலோ, ஏதாவது எங்கும் கிடைக்கும். இன்னொன்று: 1994 முதல் இங்கிலாந்து முழுவதும் செப்டம்பரில் பாரம்பரியத் திறப்பு நாட்கள் நடத்துகிறார்கள். மற்ற நாட்களில் பூட்டியிருக்கும் கட்டிடங்களைக்கூட அப்போது இலவசமாகப் பார்க்கலாம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட படிப்பென்றால் வகுப்பு தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே நாட்டுக்குள் வர மாணவர் விசாவில் இடமுண்டு. உங்கள் வகுப்பு அக்டோபரில் தொடங்குகிறது என்றால் செப்டம்பர் முதல் வாரத்திற்கே விமான டிக்கெட் கிடைக்கிறதா என்று பாருங்கள்.